பரண் வாய் வழியே இறங்கும் வெப்பம்: அடைத்துப் பார்த்த அனுபவம்

சரிவான கூரைக்கும் அறைகளின் உட்கூரைக்கும் நடுவே பரண் அமைந்த வீடுகளில், வெப்பத்தைத் தடுக்க உட்கூரையின் மேல் மெத்தை விரிக்கும்போது கவனமெல்லாம் பெரிய பரப்பின் மேலேயே நின்றுவிடுகிறது. பரணுக்கு ஏறுவதற்காக விடப்பட்ட சிறு திறப்பும் அதை மூடும் பலகையும் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. எங்கள் வீட்டுப் பரணில் கண்ணாடி இழை மெத்தை 20 செ.மீ. கனத்துக்குக் குறையாமல் விரிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் கோடையில், படுக்கையறைகளை இணைக்கும் நடைவழி மட்டும் பிற்பகல் தொடங்கி இரவு வெகுநேரம் வரை மற்ற இடங்களைவிட வெம்மையாக இருந்தது. அந்த நடைவழியின் உட்கூரையில்தான் பரண் வாய் இருக்கிறது: 60 செ.மீ.க்கு 80 செ.மீ. அளவில் ஒரு திறப்பு, அதைச் சுற்றி மரச்சட்டம், சட்டத்தின் குறுகிய விளிம்பில் வெறுமனே உட்கார்ந்திருக்கும் 12 மி.மீ. பிளைவுட் மூடி. ஒரு தெர்மாகோல் துண்டை மேலே போட்டுவிட்டு இந்த வேலையை முடித்துக்கொள்பவர்கள் அதிகம் என்பதாலும், அப்படிப் போட்ட துண்டு நினைத்த பலனைத் தருவதில்லை என்பதாலும், நாங்கள் செய்ததையும் அதில் தெரிந்துகொண்டதையும் விரிவாகவே எழுதுகிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் அளந்து பார்த்தேன். வெயில் நன்றாக ஏறிய ஒரு பிற்பகலில், நடைவழியின் காற்று 27 டிகிரியில் இருந்தபோது, பரணுக்குள் வைத்த வெப்பமானி 55 டிகிரியைத் தாண்டியது. வெயில் நேராக விழும் கூரைக்கு அடியில் இது வழக்கமான வெப்பம்தான். அதற்கு மேலும் போகும். அகச்சிவப்பு வெப்பமானியால் உட்கூரையைப் பார்த்தால், மெத்தைக்குக் கீழுள்ள பகுதி அறைக் காற்றைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி மட்டுமே கூடுதலாக இருந்தது. பரண் மூடியின் அடிப்பக்கமோ 38 டிகிரியில் நின்றது. கையை அருகே கொண்டுபோனாலே அந்தச் சூடு தெரிந்தது. அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பளபளக்கும் அலுமினியத் தாளை அது சரியாக அளக்காது, அந்தத் தாள் தன்னிடமிருந்து மிகக் குறைவாகவே கதிர்வீசும் என்பதால் எதிரிலுள்ள பொருளின் வெப்பமே எதிரொளித்துக் காட்டப்படும். அந்த இடத்தில் பளபளப்பில்லாத ஒட்டுநாடாத் துண்டொன்றை ஒட்டி, சிறிது நேரம் விட்டு, அதன்மேல் அளக்க வேண்டும்.

கணக்குப் போட்டால் இந்த வேறுபாட்டின் காரணம் விளங்கிவிடும். 12 மி.மீ. பிளைவுட் வெப்பத்தைத் தடுக்கும் அளவு மிகச் சிறியது. அதன் இரு பக்கமும் ஒட்டி நிற்கும் காற்றுப்படலம் தரும் தடையையும் சேர்த்துக்கொண்டால்கூட, மேலுக்கும் கீழுக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக ஏறக்குறைய 2.3 வாட் வெப்பம் இறங்கும். 20 செ.மீ. கண்ணாடி இழை மெத்தை உள்ள இடத்தில் இது 0.2 வாட்தான். 100 சதுர மீட்டர் உட்கூரை முழுவதும் சேர்ந்து ஒரு டிகிரிக்கு 20 வாட் வெப்பத்தை விடும் வீட்டில், அரை சதுர மீட்டர்கூட இல்லாத இந்த மூடி தனியாக 1.1 வாட் விடுகிறது. பரப்பில் இருநூறில் ஒரு பங்கு. வெப்பத்தில் இருபதில் ஒரு பங்கு. மடக்கி ஏணி பொருத்திய பெரிய திறப்பாக இருந்து, அது ஒரு சதுர மீட்டர் அளவுக்கு வந்துவிட்டால், பங்கு பத்தில் ஒன்றாகிவிடும். பரண் 55 டிகிரியில் இருக்கும்போது எங்கள் மூடி வழியாக இறங்கியது 30 வாட் அளவுதான் என்றாலும், அது வீடெங்கும் பரவாமல் குறுகிய நடைவழி ஒன்றின் தலைக்கு மேல் நின்று கதிர்வீசியது. இந்தக் கணக்கும் பலகை வழியாகக் கடந்துவரும் வெப்பத்துக்கு மட்டுமே பொருந்தும். சந்து வழியாக வரும் காற்று இதில் சேரவில்லை. என் அனுபவத்தில் பெரிய குற்றவாளி அந்தக் காற்றுதான்.

சூடான காற்று மேலேதானே போகும், பரணிலிருந்து கீழே எப்படி வரும் என்று பலரும் கேட்கிறார்கள். வெளியைவிட வீட்டுக்குள் குளிர்ச்சியாக இருக்கும்போது உள்ளே இருக்கும் காற்று கனமானது. அது கதவடி, சன்னலடி போன்ற தாழ்வான இடைவெளிகளின் வழியாக வெளியேறப் பார்க்கிறது, அப்படி வெளியேறும் காற்றுக்கு ஈடாக உயரத்தில் உள்ள இடைவெளிகளின் வழியாகப் பரணின் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. இந்த இழுப்பு மென்மையானதுதான். சமையலறையிலோ குளியலறையிலோ வெளியேற்று விசிறி ஓடத் தொடங்கிவிட்டால் அது பலமடங்கு வலுத்துவிடும். விசிறி வெளியே தள்ளும் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், சன்னல்களெல்லாம் சாத்தியிருக்கும் வீட்டில் பரண் வாய் அதற்கு எளிய வழியாகிறது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. பரணின் சூட்டை வெளியேற்ற மின்விசிறி பொருத்தியிருப்பவர்களின் வீட்டில், மூடி சரியாக அடைபடாவிட்டால், அந்த விசிறி அறைகளின் குளிர்ந்த காற்றையே மேலே உறிஞ்சி வெளியே கொட்டிவிடும். அத்தகைய விசிறி வாங்க நினைப்பவர்கள் முதலில் பரண் வாயை அடைத்துவிட்டுப் பிறகு யோசிப்பது நல்லது.

மூடியைச் சுற்றி 3 மி.மீ. சந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60க்கு 80 திறப்பின் சுற்றளவு 2.8 மீட்டர், அந்தச் சந்தின் மொத்தப் பரப்பு 84 சதுர செ.மீ. உட்கூரையில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு, அதை எப்போதும் திறந்தே வைத்திருப்பதற்கு இது சமம். அதை உறுதி செய்துகொள்ள எங்களுக்கு உதவியவை மிக எளிய சோதனைகள். இரவில் நடைவழி விளக்குகளை அணைத்துவிட்டுப் பரணுக்குள் பிரகாசமான விளக்கொன்றை எரியவிட்டோம். மூடியின் மூன்று பக்கங்களில் ஒளிக்கோடு தெரிந்தது. நாங்கள் எதிர்பாராத ஓரிடத்திலும், அதாவது மரச்சட்டத்துக்கும் உட்கூரைப் பலகைக்கும் நடுவே, அலங்காரப் பட்டிக்குப் பின்னாலிருந்து ஒளி கசிந்தது. பகலில் குளியலறை விசிறியை ஓடவிட்டு, மெல்லிய காகிதக் கீற்றொன்றை விளிம்பருகே பிடித்தபோது, அது கீழ்நோக்கி வளைந்து ஆடியது. இன்னோர் அறிகுறியும் கவனிக்கத் தக்கது: வாசற்கதவை வேகமாகச் சாத்தும்போது பரண் மூடி ஒருமுறை எழும்பி விழும் சத்தம் கேட்டால், அது வெறுமனே உட்கார்ந்திருக்கிறது, அடைத்திருக்கவில்லை என்று பொருள்.

ஆகவே காற்றை அடைப்பதுதான் முதல் வேலை, வெப்பத்தடுப்புப் பொருள் ஒட்டுவது அடுத்த வேலை. இந்த வரிசையை மாற்றக்கூடாது. கண்ணாடி இழை போன்ற மெத்தைகள் காற்றை நிறுத்துவதில்லை. காற்று அவற்றின் ஊடாகவே போய்வரும். எவ்வளவு கனமான மெத்தையை மூடியின் மேல் போட்டாலும் விளிம்புச் சந்து திறந்தே இருந்தால் சூடான காற்று பக்கவாட்டில் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும்.

மரச்சட்டத்துக்கும் உட்கூரைக்கும் இடையிலான சந்தில் தொடங்கினோம். அலங்காரப் பட்டியை மெதுவாகப் பெயர்த்தபோது, அதன் பின்னால் ஓரிடத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. குறுகிய சந்துகளுக்கு வண்ணம் பூசத்தக்க அக்ரிலிக் சீலன்ட் (சந்தை நிரப்பி அடைக்கும் பசை) போதும். அகலமானவற்றுக்கு முதலில் நுரைக்கயிற்றைத் திணித்து அதன்மேல் சீலன்ட் இட வேண்டும். இல்லையென்றால் இட்டது உள்ளே விழுந்துவிடும் அல்லது காயும்போது பிளந்துவிடும். பீய்ச்சும் நுரையைப் பயன்படுத்துவதானால் குறைவாக விரியும் வகையையே வாங்க வேண்டும். நன்றாக விரியும் வகை சட்டத்தை உள்நோக்கித் தள்ளி வளைத்துவிடும், அதன்பிறகு மூடி சதுரமாக உட்காராது. துணியிழை ஒட்டுநாடாவைப் பரணில் நம்ப வேண்டாம். அங்குள்ள வெப்பத்தில் அதன் பசை காய்ந்து உரிந்துவிடும். நாடா தேவைப்படும் இடத்தில் அலுமினிய நாடா நீடிக்கிறது.

அடுத்தது மூடி உட்காரும் விளிம்பு. எங்கள் சட்டத்தில் இது 10 மி.மீ. அகலம்தான் இருந்தது, அதன்மேல் ரப்பர் பீடிங் (அழுந்திச் சந்தை அடைக்கும் பட்டை) ஒட்டினால் மூடி சிறிது நகர்ந்தாலும் பீடிங்கிலிருந்து வழுக்கிவிடும். தச்சரிடம் சொல்லி நான்கு பக்கமும் 40 மி.மீ. அகலத்தில் புதிய விளிம்புப் பட்டியை ஒரே மட்டத்தில் அடிக்கச் செய்தோம். மட்டம் என்பது இங்கே மிக முக்கியம், ஏனென்றால் நான்கு மூலைகளில் ஒன்று 2 மி.மீ. தாழ்ந்திருந்தாலும் அந்த மூலையில் பீடிங் அழுந்தாது. பீடிங்கில், நடுவே குழலாக இருக்கும் ரப்பர் அல்லது சிலிகான் வகையைத் தேர்ந்தெடுத்தோம். சாதாரண நுரைப்பட்டை மலிவாகக் கிடைக்கும்; ஒட்டவும் எளிது; ஆனால் தொடர்ந்து அழுத்தமும் வெப்பமும் படும்போது அது தட்டையாகிப் பழைய உருவத்துக்குத் திரும்பாமல் போய்விடும். மூலைகளில் பீடிங்கை வளைத்து ஒட்டாமல் 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்து, சேர்க்கையில் ஒரு சொட்டு சிலிகான் வைத்தோம். ஒட்டுவதற்கு முன் மரத்திலுள்ள தூசியைத் துடைத்தெடுத்தாக வேண்டும். பரணின் தூசி மிக நுண்மையானது, துடைக்காமல் ஒட்டிய பட்டை நெடுநாள் நிற்காது.

பீடிங் அழுந்தினால்தான் அடைக்கும். எங்கள் பிளைவுட் மூடியின் எடை மூன்றரைக் கிலோ அளவுக்குத்தான் இருக்கும். அந்த எடை பீடிங்கின் முழு நீளத்தையும் அழுத்தப் போதாது. வெப்பத்தடுப்பு அட்டை ஒட்டினால் எடை கூடும் என்று தோன்றும், ஆனால் 10 செ.மீ. கனமுள்ள தெர்மாகோலுக்கு அந்தப் பரப்பில் எடை ஒரு கிலோவை ஒட்டியே வரும். எனவே மூடியைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் கொக்கிகள் தேவை. இரும்புப் பெட்டிகளில் உள்ளதைப் போல நெம்பி இழுத்துப் பூட்டும் கொக்கியை விளிம்புப் பட்டியின் உட்புறத்திலும், அது மாட்டும் தகட்டை மூடியின் அடிப்பக்கத்திலும் பொருத்தினோம். நீளமான இரு பக்கங்களிலும் இரண்டிரண்டு. பூட்டும்போது பீடிங் பாதியளவுக்கு நசுங்குவது கண்ணுக்கே தெரிகிறது. இந்த வேலை முழுவதிலும் மிகக் குறைந்த செலவில் மிகுந்த மாற்றத்தைத் தந்தது இந்தக் கொக்கிதான் என்று உறுதியாகச் சொல்வேன். கீழிருந்து பார்த்தால் கொக்கிகள் தெரியும். அழகு சிறிது குறைகிறது என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இதற்குப் பிறகே மூடியின் மேற்பக்கத்தில் வெப்பத்தடுப்பு அட்டை. தெர்மாகோல், அதைவிடச் சற்று உறுதியான எக்ஸ்பிஎஸ் (பிதுக்கி வார்த்த பாலிஸ்டைரீன் நுரை) அட்டை, இன்னும் குறைந்த கனத்தில் அதே தடையைத் தரும் பாலியூரித்தேன் வகை அட்டை ஆகிய மூன்றுமே இதற்கு ஏற்றவை. தளர்வான இழை மெத்தையை நான் மூடியில் விரும்பவில்லை. மூடியைத் தூக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் அது நசுங்கும், விளிம்பில் மடியும், இழைகள் உதிர்ந்து கண்ணிலும் தோலிலும் உறுத்தும். நசுங்கிக் கனம் குறைந்த மெத்தை அதே அளவு வெப்பத்தைத் தடுப்பதுமில்லை. 5 செ.மீ. தெர்மாகோல் அட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி 10 செ.மீ. ஆக்கினோம். பசை வாங்கும்போது தெர்மாகோலுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும், ஏனென்றால் கரைப்பான் கலந்த பல பசைகள் தெர்மாகோலை அரித்துக் குழியாக்கிவிடும். முன்னே சொன்ன 2.3 வாட் கணக்கு இந்தக் கனத்துக்கு ஏறக்குறைய 0.3 ஆகக் குறைகிறது. அதற்கு மேல் கனத்தைக் கூட்டினால் கிடைக்கும் ஆதாயம் சிறிது; மூடியைத் தூக்கிக் கையாளும் சிரமமோ பெரிது.

அட்டையை மூடியின் முழு அளவுக்கும் வெட்டக்கூடாது. திறப்பைச் சுற்றி, மெத்தை சரிந்து விழாமலிருக்கப் பரணுக்குள் நான்கு பக்கமும் பிளைவுட்டால் 25 செ.மீ. உயரத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்பினோம். மெத்தையின் உயரத்தைவிட 5 செ.மீ. கூடுதலாக இருப்பது போதுமானது. மூடி அந்தத் தடுப்புக்குள் நேராக மேலெழுந்து வெளியே வர வேண்டும் என்பதால் அட்டையின் பக்கங்களில் ஒரு செ.மீ. இடைவெளி விட்டு, மேல் விளிம்பைச் சற்றுச் சாய்வாகச் சீவிவிட்டோம். தடுப்பு எழுப்பாத வீடுகளில், ஒவ்வொரு முறை ஏறும்போதும் மெத்தை ஒதுக்கப்பட்டு, திறப்பைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு உட்கூரை வெறுமையாகிவிடுவதைக் கண்டிருக்கிறேன். அந்த வெறுமையான பரப்பு மூடியைவிடப் பெரிதாகிவிடும்.

அலுமினியத் தாள் ஒட்டினால் போதுமே என்பவர்களுக்கும் ஒரு சொல். பளபளப்பான தாள் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும் என்பது உண்மை, ஆனால் அதற்கு எதிரே காற்றிடைவெளி இருக்க வேண்டும். இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒட்டிப் புதைத்த தாளால் பயனில்லை. மேல்நோக்கி வைத்த தாளின்மேல் தூசி படியப் படிய அதன் திறன் குறைந்துகொண்டே வரும். அட்டையோடு சேர்ந்து வந்தால் நல்லது. அட்டைக்கு மாற்றாக அதை எண்ண வேண்டாம்.

தெர்மாகோலும் மற்ற நுரை அட்டைகளும் எரியக்கூடியவை, எரியும்போது அடர்ந்த நச்சுப்புகை விடுபவை என்பதை மறந்துவிடக் கூடாது. அறையின் பக்கம் பிளைவுட் இருக்க, நுரை அதன் மேற்புறத்திலேயே இருக்கட்டும். பரணில் நீர்சூடாக்கியோ எரிவாயுக் கருவியோ இருந்தால், அதற்குத் தேவையான காற்று எங்கிருந்து வருகிறது என்பதைத் தொழில் தெரிந்தவரிடம் கேட்டறியாமல் எதையும் அடைக்க வேண்டாம். வாகனக் கூடத்தின் மேலுள்ள திறப்பு தீத்தடுப்பு மூடியாக அமைக்கப்பட்டிருந்தால், அதன் அமைப்பை மாற்றுவதற்கு முன் கட்டட விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உறவினர் வீடொன்றில் மடக்கி ஏணி பொருத்திய திறப்பு இருந்தது. அதற்கு வேறு வழி தேவைப்பட்டது. அந்தக் கதவின் மேல் ஏணி மடிந்து கிடப்பதால் அட்டை ஒட்ட இடமில்லை. எடை கூடினால் கதவைத் தாங்கும் சுருள்வில்லின் சமநிலையும் கெட்டுவிடும். ஆகவே பரணுக்குள், திறப்பின் மேல் கவிழ்த்து வைக்கும்படி, 5 செ.மீ. எக்ஸ்பிஎஸ் அட்டையால் அடிப்பக்கம் திறந்த பெட்டியொன்றைச் செய்தோம். மடிந்த ஏணியின் மிக உயர்ந்த புள்ளியை அளந்து அதற்கு மேல் 3 செ.மீ. இடம் விட வேண்டும். பெட்டி உட்கார, திறப்பைச் சுற்றிப் பிளைவுட் மேடை அமைத்து அதன்மேல் ரப்பர் பீடிங் ஒட்டினோம். இங்கே கவனிக்க வேண்டியது இறங்கும் நேரம்: ஏணியில் நின்றபடி ஒரு கையால் இழுத்து மூட முடியாத பெட்டி, பரணில் ஓர் ஓரமாகவே கிடக்கும். பெட்டியின் உட்புறம் ஒரு பட்டைக் கைப்பிடி வைத்து, எடையைக் குறைவாக வைத்திருந்ததால்தான் அந்த வீட்டில் ஏறி இறங்கும் எல்லாரும் அதைத் திரும்ப மூடுகிறார்கள். தனியாக மேலே வைக்கும் துண்டைவிட மூடியோடு ஒட்டிய அட்டையே மேல் என்று நான் வலியுறுத்துவதும் இதனால்தான். ஏறியவர் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் பலன் நிலைக்கும்.

வேலையைக் கோடையில் செய்வதானால் விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும். 50 டிகிரிக்கு மேற்பட்ட காற்றில் குனிந்து வேலை செய்பவருக்குத் தலைசுற்றல் வருவதற்கு நெடுநேரம் பிடிக்காது. கீழே ஒருவர் துணைக்கு இருப்பது கட்டாயம். காலைக் குறுக்குச் சட்டங்களின் மேல் மட்டுமே வைக்க வேண்டும், நடுவிலுள்ள உட்கூரைப் பலகை ஆள் எடையைத் தாங்காது. முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவை இல்லாமல் கண்ணாடி இழையைத் தொடவே வேண்டாம். பழைய வீட்டில், சரளைக்கல் போன்ற மினுமினுக்கும் துகள்கள் கொட்டப்பட்டிருந்தால் அது வெர்மிகுலைட் என்ற வெப்பத்தடுப்புக் கனிமமாக இருக்கலாம். அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், சோதித்துப் பார்க்கும் வரை அதைக் கிளறக் கூடாது.

முடித்தபின் அதே போன்ற வெயில் நாளில் மீண்டும் அளந்தபோது, மூடியின் அடிப்பக்கம் அறைக் காற்றைவிட இரண்டு டிகிரிக்கும் குறைவாகவே கூடியிருந்தது. காகிதக் கீற்று அசையவில்லை. நடைவழி இப்போது மற்ற அறைகளைப் போலவே இருக்கிறது. பரணிலிருந்து இறங்கிவந்த தூசியும் பழைய மரத்தின் வாடையும் குறைந்தது நாங்கள் எதிர்பார்த்திராத நன்மை. மின்கட்டணத்தில் பெரிய சரிவை இந்த ஒரு வேலையிலிருந்து எதிர்பார்ப்பது சரியல்ல. உட்கூரையின் மேல் மெத்தையே இல்லாத வீட்டில் மூடிக்கு மட்டும் அட்டை ஒட்டினால் குறையும் வெப்பம் மிகச் சொற்பம். அங்கே காற்றுச் சந்தை அடைத்துவிட்டு, செலவைப் பெரிய பரப்பின்மேல் செய்வதே முறை.

கோடை தொடங்குவதற்கு முன் கொக்கிகளின் இறுக்கத்தையும் பீடிங்கின் உருவத்தையும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். வண்ணம் பூசுபவர்கள் பீடிங்கின் மேல் பூச்சைத் தடவிவிட்டால் அது இறுகிப்போகும், அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டியதுதான். மின்வேலைக்கோ நீர்க்குழாய் வேலைக்கோ ஆட்கள் பரணுக்கு ஏறி இறங்கிய அன்று இரவே, மேலே விளக்கை எரியவிட்டு விளிம்பில் ஒளி கசிகிறதா என்று பார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது.